அந்தச் சிவப்புக் குறி யாருடையது

தம்பிகளா, போன வாரம் நம் வாட்ஸப் குழுவில் நீங்கள் போட்ட சண்டையை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெங்களூரில் ஒருவர் விற்பனைக்கு வைத்திருக்கும் பழைய ஜப்பான் எலெக்ட்ரிக் கிட்டாரின் படங்கள். அதில் ஒன்று, நெக்கை, அதாவது விரல் ஓடும் கழுத்துக் கட்டையை, கழற்றிவிட்டு அது பாடியில் உட்காரும் குழியை எடுத்த படம். குழியின் மூலையில் சிவப்பாக ஒரு வட்டம், விரல் நுனி அளவுக்கு. "ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் முத்திரை, ரொம்ப அபூர்வம்" என்று ஒருவர் எழுதினார். ஜப்பான்காரர்கள் கையெழுத்துக்குப் பதிலாகச் சிவப்பு முத்திரைதான் குத்துவார்கள் என்று இன்னொருவர் அதற்குச் சான்று கொடுத்தார். அப்படியானால் கேட்கிற விலைக்கு மேலேயே கொடுக்கலாம் என்று மூன்றாமவர் முடித்தேவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டீர்கள். "அங்கிள், நீங்கதான் சொல்லணும். எந்த ஃபேக்டரி முத்திரை, எந்த வருஷம்?"

சொல்கிறேன். ஆனால் இரண்டு வரியில் சொல்ல மாட்டேன். இரண்டு வரியில் சொன்னால் கட்டை விரல் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த கிட்டாருக்குப் போய்விடுவீர்கள். உட்கார்ந்து படியுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் கடை வைத்திருந்தேன். கிட்டார், கீபோர்டு, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ரிப்பேர் பார்ப்பேன். பழையதை வாங்குவேன், விற்பேன். திருவிழா மேடையில் பாடும் மெல்லிசைக் குழுக்கள், ஊர் ஊராக இருக்கும் மாதா கோயில் பாடகர் குழுக்கள், இவர்களுடைய கிட்டார் எல்லாம் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் என் மேஜைக்கு வந்துதான் தீரும். கண்ணில் புரை விழுந்து, ஈயம் வைத்த இடமும் வைக்காத இடமும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்ததும் கடையை மூடிவிட்டேன். இப்போது கண் ஆபரேஷன் ஆகிவிட்டது, நன்றாகவே தெரிகிறது. தெரிந்து என்ன பிரயோஜனம், கடைதான் செருப்புக் கடை ஆகிவிட்டதே.

உங்களில் முக்கால்வாசிப் பேர் சீரியல் நம்பரை வைத்து ஜாதகம் பார்க்கிறீர்கள். நெக்கைப் பாடியோடு பிடித்திருக்கும் இரும்புத் தகட்டில் ஒரு நம்பர் இருக்கும். அதை நெட்டில் தட்டினால் வருஷம் வந்துவிடும் என்று நம்புகிறீர்கள். நானும் அப்படி நம்பினவன்தான். விழுப்புரத்தில் ஒரு கிட்டார் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். தகட்டு நம்பர் பழைய வரிசை. துள்ளிக் குதித்து வாங்கி வந்து, கடையில் வைத்துத் துடைக்கும்போது தகட்டின் ஓரத்தில் அரம் தேய்த்த தடம் தெரிந்தது. அது என் அரம். பல வருஷத்துக்கு முன்னால் அந்தக் கிட்டாரின் சொந்தத் தகடு துருப்பிடித்து நாசமாகிவிட்டதால், உடைந்துபோன வேறொரு கிட்டாரின் தகட்டைத் தேய்த்துப் பொருத்திக் கொடுத்தவனே நான்தான். என் கைவேலையை நானே காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன். என் மனைவி அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆகவே நம்பரை நம்பாதீர்கள். கிட்டாரின் தலையில் ஒட்டியிருக்கும் பெயரையும் நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் ஒரே தொழிற்சாலை பல கடைக்காரர்களுக்குப் பல பெயரில் செய்து கொடுத்தது. நெக்கைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். சிலவற்றில் எண் குத்தியிருக்கும். நாற்பத்தாறு என்று இருந்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு என்று கூத்தாடாதீர்கள். அது அவர்களுடைய மன்னர் காலக் கணக்கு. இருபத்தைந்தைக் கூட்டுங்கள், எழுபத்தொன்று வரும். வெயில் பட்ட பெயின்ட்டையும், பிளாஸ்டிக் தட்டுக்கு அடியில் வெயிலே படாத பெயின்ட்டையும் வைத்துப் பாருங்கள். உள்ளே ஒயர் சேரும் இடத்தில் உருக்கி வைத்த ஈயத்தைப் பாருங்கள், ஒரு தடவை யாராவது தொட்டிருந்தால் அது காட்டிக் கொடுத்துவிடும். இதெல்லாம் சீக்கிரம் வந்துவிடும், பெரிய வித்தை இல்லை. கழற்றலாமா வேண்டாமா, கழற்றினால் யார் எதிரில் கழற்றுவது, அதுதான் கஷ்டம். எனக்கே அது பிடிபடவில்லை என்பது மரியதாஸ் விஷயத்தில்தான் தெரிந்தது.

மரியதாஸ் அனந்தபுரம் பக்கத்து ஊர்க்காரன். பகலில் செஞ்சியில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் விவசாயிகள் தூக்கிக்கொண்டு வருவார்கள். இவன் பழைய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, நாடா கட்டி, வார்னிஷ் ஊற்றிக் கொடுப்பான். திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார். எங்கள் பக்கத்தில் குழுவைப் 'பார்ட்டி' என்போம், அதை நடத்துகிறவரை 'பார்ட்டி ஓனர்' என்போம். அந்த ஓனருக்கு நிலபுலம் உண்டு, வேன் உண்டு, செஞ்சியில் இரண்டு மாடி வீடு உண்டு. பாட்டு மட்டும் வராது.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் இறந்துபோய், அவர் வீட்டுச் சாமான்களை விற்றபோது மரியதாஸ் இந்தக் கிட்டாரை வாங்கி வந்தான். சிவப்பிலிருந்து கருப்புக்கு ஓடும் பெயின்ட். ஒரே ஒரு பிக்கப் வைத்த மாடல். பிக்கப் என்றால் தெரியும்தானே, கம்பி அதிர்வதைக் கரண்டாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற காயில். அது செத்துப் போயிருந்தது. "சத்தமே வரலண்ணே. கட்டையாத்தான் வாங்கினு வந்தேன்" என்றான்.

"இதுக்கு மாத்து பிக்கப் மெட்ராஸ்லயே கெடைக்காதுடா. பணத்த பாழாக்கிட்ட" என்றேன்.

"இன்னாண்ணே இப்புடி சொல்ற? இதுவும் காயில்தானே? காயில் கட்டறதுதானே என் பொழப்பு?"

மோட்டார் கம்பி அதற்கு ஆகாது, தடி. முடியைவிட மெல்லிசான கம்பி வேண்டும். எங்கெங்கோ விசாரித்து வாங்கி வந்தான். என் கடை மூலையில் தையல் மெஷின் சக்கரம் ஒன்றைப் பொருத்தி உட்கார்ந்து சுற்றினான். பாதியில் அறுந்துபோகும், உருவி எறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சுற்றுவான். கடைசியில் ஒரு மாதிரி முடிந்தது. அதோடு விட்டானா? மோட்டார் காயிலைக் கட்டுகிற மாதிரியே வெள்ளைப் பருத்தி நாடாவால் சுற்றி, அந்த மஞ்சள் வார்னிஷையும் மேலே பூசினான்.

"டேய், இது கிட்டார்டா. போர் மோட்டார் இல்ல" என்றேன்.

"காயில்னா கட்டணும்ணே. கட்டலன்னா மனசு ஒப்பாது" என்றான்.

ஆம்ப்ளிஃபயரில் மாட்டி முதல் தட்டுத் தட்டியபோது நான் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனையோ கிட்டார் கேட்டிருக்கிறேன், அந்தச் சத்தம் வேறு. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் எதையும் ஊடுருவிக்கொண்டு போகும். மேல்மலையனூரில் அமாவாசைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. உடுக்கை, பம்பை, சாமி வந்து ஆடுகிறவர்களின் கூச்சல், ஸ்பெஷல் பஸ்களின் ஹாரன். அதையெல்லாம் தாண்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன் காதுக்கு அந்தக் கிட்டார் கேட்கும். "தாசு வந்துட்டான்" என்று சனங்கள் சொல்வார்கள். அவனுக்கு அதைவிடப் பெரிய சம்பளம் எதுவும் கிடையாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துப் பார்ட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. கச்சேரி முடிந்ததும் வாத்தியங்கள் எல்லாம் வேனில் ஏறி ஓனர் வீட்டுக்குப் போய்விடும். அவனவன் சொந்த வாத்தியமாக இருந்தாலும் அங்கேதான் இருக்கும். அடுத்த கச்சேரிக்கு வேன் அங்கிருந்துதான் கிளம்பும். ஆயுத பூஜைக்கு ஓனர் வீட்டில் எல்லா வாத்தியங்களையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். மரியதாஸின் கிட்டாரும் அப்படிப் பல வருஷம் அந்த வீட்டுக் கூடத்தில் பொட்டு வைத்துக்கொண்டது. மரியதாஸ் மட்டும் அந்த வீட்டு கேட்டைத் தாண்டியதில்லை. அவன் வெளியே வேன் பக்கத்தில் நிற்பான், கிட்டார் உள்ளேயிருந்து வரும். ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை, நீங்களும் இதே நாட்டில் பிறந்தவர்கள்தான்.

கொரோனா வந்தது. திருவிழா நின்றது, பார்ட்டியும் நின்றது. திருவிழாக்கள் திரும்பி வந்தபோது ஒரு லேப்டாப்பும் ஒரு பாடகரும் போதும் என்று ஆகிவிட்டது. ஓனர் வேனை விற்றார், ஸ்பீக்கர் பெட்டிகளை விற்றார். மரியதாஸ் இரண்டு மூன்று தடவை போய்க் கிட்டாரைக் கேட்டிருக்கிறான். "இருக்கட்டும்டா, எங்க ஓடிடப் போவுது" என்று ஒவ்வொரு தடவையும் பதில்.

ஒரு நாள் காலையில் கடையைத் திறக்கும்போதே மரியதாஸ் வாசலில் நின்றான். சைக்கிளைக்கூட ஸ்டாண்டு போடவில்லை.

"அண்ணே, என் கிட்டார விக்கிறாரு. பெங்களூருலேர்ந்து ஆள் வர்றானாம். உன் கடையிலதான் வச்சு பாக்கப் போறாங்களாம்."

ஓனர் எனக்கு முந்தின நாளே போன் செய்திருந்தார். 'பழைய கிட்டார் ஒண்ணு, ஜப்பான்னு ஒரு வார்த்த சொல்லு, உனக்கும் ஏதாவது பண்றேன்' என்றார். எந்தக் கிட்டார் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போனிலேயே கிழித்திருப்பேன்.

"ஸ்டேஷனுக்குப் போலாமா?" என்றேன்.

"பில்லு கேப்பாங்க. செத்துப்போன ஆளோட வூட்ல வாங்கினதுக்கு நான் எங்க பில்லுக்குப் போறது? அவுரு சேர் போட்டு உக்காருவாரு, நான் நின்னுனு இருப்பேன். வேணாம்ணே." சைக்கிளை இழுத்து ஸ்டாண்டு போட்டான். பிறகு, "உன் வாயால ஒண்ணு சொல்லுணே. அது என்னோடதுன்னு சொல்லு. அந்தக் கிட்டார் இல்லன்னா நான் வெறும் காயில் கட்றவன்தான்" என்றான்.

என் வாய்ச்சொல் மட்டும் எடுபடாது என்று எனக்குத் தெரியும். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வாங்க வருகிறவர் எப்படியும் திறந்து பார்க்கச் சொல்வார். திறந்தால் உள்ளே பருத்தி நாடா, மஞ்சள் வார்னிஷ். மோட்டார் கட்டுகிறவன் கை. உலகத்தில் எந்தக் கிட்டார் தொழிற்சாலையிலும் அப்படிக் கட்ட மாட்டார்கள். இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? வழக்குள்ள பொருளை எந்த மனுஷன் வாங்குவான்? ஓனர் தலை குனிந்து கிட்டாரை விட்டுவிட்டுப் போவார்.

"பயப்படாத. உள்ள உன் கை இருக்குதுடா. எல்லார் எதிர்லயும் பிரிச்சுக் காட்டறேன்" என்றேன். அவன் முகம் அப்படியே மலர்ந்தது. 

மத்தியானம் போல் இருவரும் வந்தார்கள். பெங்களூர்க்காரர் காலையில் ராஜகிரிக் கோட்டை ஏறி இறங்கிவிட்டு வந்திருந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். மரியாதையான மனுஷர். எனக்கு ஸ்வீட் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார். ஓனர் கிட்டாரை மேஜைமேல் வைத்தார். மரியதாஸ் கடைக்குள்ளேயே, ஆம்ப்ளிஃபயர் பெட்டிமேல் கை வைத்தபடி நின்றான். ஓனர் அவனைப் பார்த்தார். "இவன் இங்க இன்னா பண்றான்?" என்றார். "என் கடை, நான்தான் வரச் சொன்னேன்" என்றேன்.

முதலில் நெக்கைக் கழற்றினேன். அடியில் எண் தெளிவாக இருந்தது, நாற்பத்தாறு. வருஷத்தைக் கூட்டிச் சொன்னதும் பெங்களூர்க்காரர் முட்டி வலியை மறந்து எழுந்துவிட்டார். குழியைப் பார்த்தோம். வருஷா வருஷம் நெக் சேருகிற இடத்தில் வைத்த சந்தனமும் குங்குமமும் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிக் காய்ந்து, மூலையில் சிவப்பாக ஒரு வட்டம் கட்டியிருந்தது. நான் அதை எதிர்பார்க்கவில்லை.

ஓனர் விரலை நீட்டினார். "பாத்தீங்களா சார்? எங்க வூட்டு ஆயுத பூஜைப் பொட்டு. இத்தன வருஷமா எங்க வூட்ல சாமி கும்புட்ட பொருள் இது. கேக்கறவங்க யார்னா இருந்தா இத்த காட்டுங்க." கடைசி வாக்கியத்தை அவர் மரியதாஸைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் துணியை எடுத்துத் துடைக்கப் போனேன், கோபத்தில்தான். பெங்களூர்க்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ப்ளீஸ், எதையும் துடைக்காதீங்க. பழசு அப்படியே இருக்கட்டும். அதுதான் அழகு."

"பழசு இன்னும் இருக்குது சார், பாருங்க" என்று பிக்கப்பின் மூடியைக் கழற்றினேன். பருத்தி நாடா. மஞ்சள் வார்னிஷ். நான் எதிர்பார்த்த அளவுக்கு, அதற்கு மேலேயே அது எல்லார் கண்ணிலும் பட்டது. பெங்களூர்க்காரர் முகம் விழுந்துவிட்டது.

"இது ஜப்பான்ல சுத்தினது இல்ல சார். இதே கடையில, அதோ அந்த மூலையில உக்காந்து இவன் சுத்தினது. வாங்கும்போது இது வெறும் கட்டை. சத்தம் குடுத்தவனே இவன்தான். கிட்டார் இவனோடது. இவருது இல்ல."

 வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். மரியதாஸும் அப்படித்தான் நினைத்திருப்பான், ஓரடி முன்னால் வந்தான்.

ஓனர் கொஞ்சம்கூடப் பதறவில்லை. "இவன் சுத்தினது இன்னா? பிக்கப் தானே?" என்று நிதானமாகக் கேட்டார். "நான் இல்லன்னு சொல்லலியே. பிக்கப் அவனுது. அவன் தாராளமா எடுத்துக்கட்டும். மத்தது எங்க வூட்டு பொருள், பொட்டே சாட்சி." பெங்களூர்க்காரர் பக்கம் திரும்பினார். "சார், அந்த பிக்கப் இல்லாம எடுத்துப்பீங்களா? வெலைய பாத்து கொறச்சுப் போட்டுக்கலாம். பார்ட்டி பேர்ல பில்லே குடுத்துடறேன்."

அந்த மரியாதையான மனுஷர் யோசித்தார். யோசித்த நேரம் முழுவதும் கிட்டாரைத்தான் பார்த்தார், மரியதாஸை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. "ஆக்சுவலா எனக்கு அதுதான் வசதி" என்றார். "அதே ஃபேக்டரி, அதே காலத்து பிக்கப் ஒண்ணு என்கிட்ட சும்மா கிடக்கு. அதைப் போட்டா முழு ஒரிஜினல் ஆயிடும். இந்த லோக்கல் ரிப்பேர் எப்படியும் எடுக்க வேண்டியதுதான்."

"சார், இது திருட்டுப் பொருள்" என்றேன். எனக்கே காது அடைக்கிற அளவுக்குக் கத்தினேன்.

"உங்களுக்குள்ள இருக்கறதுல நான் தலையிட விரும்பல" என்றார். "அவர் பில் தர்றாரு. எனக்கு அது போதும்."

ஓனர் என் மேஜைமேல் கிடந்த கட்டரை எடுத்தார். "நீ எடுக்கிறியா, நான் வெட்டட்டுமா?" என்று என்னைக் கேட்டார். நான் சால்டரிங் அயனைத் தொடவில்லை. தொட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பெரிய வீரம்! அவர் கட்டரோடு குனிந்தார்.

"அய்யோ, வெட்டாதீங்க! கம்பி உள்ளயே அறுந்துடும்!" மரியதாஸ் ஓடிவந்து அவர் கையைத் தட்டிவிட்டான். அந்த ஊரில் அவன் அவர் கையைத் தொட்டது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும். "நானே எடுத்துக்கறேன்" என்றான்.

அயனைச் சூடு செய்தான். ஓனர், வாங்க வந்தவர், நான், மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு இடத்தில் ஈயத்தை உருக்கினான். கம்பி கொஞ்சமும் இழுபடாமல் பிக்கப்பை வெளியே எடுத்தான். கைக்குட்டையை விரித்து அதில் வைத்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு என்ன செய்தான் தெரியுமா? பாடிக்குள் சிந்தியிருந்த ஈயத் துளியை நகத்தால் பொறுக்கி எடுத்துப் போட்டான். அடுத்தவனுக்குப் போகிற கிட்டார், அதில் குப்பை இருக்கக்கூடாதாம். பாவி.

அவர்கள் போன பிறகு அவன் என்னிடம் சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "நீ இன்னாண்ணே பண்ணுவ" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு காயில் கடைக்குப் போய்விட்டான். அரை நாள் வேலை பாக்கி இருந்தது. அந்த ஸ்வீட் பெட்டியைப் பஸ் ஸ்டாண்டு குரங்குகளுக்குப் போட்டேன்.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது என்ன என்று இன்றுவரை யோசிக்கிறேன். திறக்காமலே இருந்திருக்கலாம். இது போலி, நாலு காசு பெறாது என்று பச்சைப் பொய் சொல்லி, அந்த மனுஷரை வெறுங்கையோடு அனுப்பியிருக்கலாம். ஓனருக்கு அது வெறும் பழைய மரமாகப் போயிருக்கும். இன்னொரு மாசத்தில் சலித்துப்போய் மரியதாஸிடமே வீசியிருப்பார். தொழில் தெரிந்தவன் என்ற கர்வத்தில் நான் உண்மையைப் பிரித்து மேஜைமேல் வைத்தேன். ஓனருக்கு வேண்டியதை ஓனர் எடுத்துக்கொண்டார், வாங்க வந்தவருக்கு வேண்டியதை வாங்க வந்தவர் எடுத்துக்கொண்டார். ஆகவே தம்பிகளா, ஸ்குரூவில் கை வைப்பதற்கு முன்னால் யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். உள்ளே இருக்கிறது உங்களுக்கு மட்டும் சாட்சி சொல்லாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரிஜினல், ஒரிஜினல் என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. இப்போது அந்தக் கிட்டாரில் ஈயம் தவிர எல்லாமே ஜப்பான்தான், ஒத்துக்கொள்கிறேன். மேல்மலையனூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அது கேட்குமா என்று அந்தப் பெங்களூர்க்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, உங்கள் கேள்விக்குப் பதில். கிட்டார் நிஜம். வருஷம் எழுபத்தொன்று. சிவப்புக் குறி எந்த இன்ஸ்பெக்டரும் குத்தியது இல்லை. செஞ்சியில் இரண்டு மாடி வீட்டில் வைத்த ஆயுத பூஜைக் குங்குமம். இப்போது விற்பவர் அன்றைக்கு வந்த அதே பெங்களூர்க்காரர்தான்; அவருக்கு அது நன்றாகத் தெரியும், ஓனர் சொன்னதை என் கண் எதிரில்தான் கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை, கவனித்தீர்களா? படத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார். பொய்யை எல்லாம் நீங்களே சொல்லிக்கொண்டீர்கள்.

உங்கள் படங்கள் வந்ததும் போனை எடுத்துக்கொண்டு மரியதாஸ் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்திருந்தான். இப்போதும் காயில்தான் கட்டுகிறான். மாதா கோயிலில்கூட வாசிப்பதில்லை; கேட்டால் விரல் மரத்துப்போச்சு என்கிறான். போனை வாங்கிப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். "நெக்க சரியா உக்கார வக்கலண்ணே. ஒரு ஸ்குரூ வேற போட்டிருக்கான்" என்றான். பிறகும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சம்சாரம் டீ கொண்டுவந்து வைத்தது ஆறிப்போனது.

நான்தான் வாயைத் திறந்தேன். "நம்ம பசங்க சில பேர் அத்த வாங்கலாம்னு இருக்காங்க. நல்ல பசங்கதான். அவங்க கைக்கு வந்துச்சுன்னா அந்த பிக்கப்ப குடுக்கிறியா தாசு? பழைய சத்தம் திரும்பி வருமில்ல?"

எழுந்து உள்ளே போனான். பவுடர் டப்பா ஒன்றை எடுத்துவந்து திறந்து காட்டினான். அதே கைக்குட்டை, அதே வெள்ளை நாடா. மறுபடியும் மூடி மடியில் வைத்துக்கொண்டான். அவன் சொன்னதை மாற்றாமல் அப்படியே எழுதுகிறேன், வாங்குவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

"நான் எதுக்குண்ணே குடுக்கணும்? கிட்டார் இங்கதான் இருக்குது. மீதிய எடுத்துனு வரச் சொல்லு."